தொண்ணூறு விழுக்காடு முடிந்தது, மிச்சம் அடுத்த கூட்டத்தில்

மலேசிய அரசாங்கம் 2004ஆம் ஆண்டு திறமூல மென்பொருளுக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆண்டுதோறும் உரிமத் தொகை கட்டி அழுவதைக் குறைப்போம், மூலநிரல் எல்லார் கண்ணுக்கும் தெரியும் மென்பொருளைப் பயன்படுத்துவோம், நாமும் எழுதுவோம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். பொதுத்துறையை நவீனப்படுத்த அப்போதிருந்த மாம்பு என்ற அரசு அமைப்பு அதைக் கையில் எடுத்தது, அதற்கென்றே ஒரு மையமும் திறந்தது. அந்த மையம் எழுதி வெளியிட்டவற்றில் பெயர் எடுத்த ஒன்று மைமீட்டிங். அது என்ன செய்யும்? கூட்டக் குறிப்பு எழுதும். யார் வந்தார், யார் என்ன சொன்னார், எந்த வேலை யார் தலையில் விழுந்தது, அது இப்போது எந்த நிலையில் கிடக்கிறது என்று பதிந்துவைத்து, அடுத்த கூட்டத்துக்கு இலை போட்டுவைக்கும்.

யாரும் சிரிக்க வேண்டாம். அதை எழுதிய பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள். இந்த நாட்டின் நிர்வாகம் இராப்பகலாக உற்பத்தி செய்யும் சரக்கு எது என்று சரியாகக் கண்டுபிடித்து, அதற்கேற்ற ஆலையைக் கட்டிக்கொடுத்தார்கள். 2006 வந்தபோது திறமூலத்துக்கு முன்னுரிமை என்ற பேச்சு தேய்ந்து, தொழில்நுட்ப நடுநிலை என்ற பேச்சு வந்தது. யார் பக்கமும் சாயாமல், பழைய கடைக்கே போய்ப் பழைய சரக்கையே வாங்குவதற்கு அப்படி ஒரு கண்ணியமான பெயர். திட்டத்தின் சுருதி இறங்கிவிட்டது. கூட்டத்தின் சுருதி இறங்கவில்லை.

அரசாங்கத்தை மட்டும் அடிப்பது சோம்பேறிகளின் வேலை. பங்சார் சவுத் கோபுரங்களிலும், பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக கே.எல். சென்ட்ரலைச் சுற்றி எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களிலும் தினமும் காலையில் என்ன நடக்கிறது? ஸ்டாண்ட்-அப். கால் மணி நேரத்தில் முடிய வேண்டும் என்பதற்காகத்தான் நிற்கவைத்துப் பேசச் சொன்னார்கள். நம் ஆட்கள் சுவரில் சாய்ந்தபடி முக்கால் மணி நேரம் நிற்கப் பழகிக்கொண்டார்கள். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது தடுக்கிறது, அவ்வளவுதான் கேள்வி. கிள்ளானிலிருந்து விடியற்காலை கொமுட்டரில் நசுங்கி வந்த பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்கிறான்:

“நேத்து அந்த பக் பார்த்தேன் பாஸ். இன்னிக்கும் பார்க்கிறேன்.”

“எத்தன பர்சென்ட்?”

“எய்ட்டி.”

“நேத்தும் எய்ட்டிதானே சொன்ன?”

“நேத்து சும்மா எய்ட்டி பாஸ். இன்னிக்கு நல்ல எய்ட்டி.”

நல்ல எண்பது என்று எழுதிக்கொள்கிறார்கள். சுவரில் தொங்கும் பலகையில் ஓர் அட்டை இடப்பக்கத்திலிருந்து நடுப்பக்கத்துக்கு நகர்கிறது. எது தடுக்கிறது என்ற கேள்விக்கு ‘இந்தக் கூட்டம்தான்’ என்று இதுவரை ஒருவனும் சொன்னதில்லை. சொல்லக்கூடியவனுக்குச் சம்பள உயர்வின் மீது ஆசை இருக்கிறது.

அரசு அலுவலகமாக இருந்தால் இதற்கு மலாயில் அருமையான வசனங்கள் உண்டு. குறிப்பின் கடைசிப் பத்தியில் ‘டாலாம் திண்டாக்கான்’, அதாவது நடவடிக்கையில் உள்ளது, என்று விழுந்துவிட்டால், அந்த வேலைக்குப் பாதுகாப்பான குடியிருப்பு கிடைத்துவிட்டது. அங்கே அது பத்து ஆண்டு படுத்திருந்தாலும் யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள். நேரில் போய்க் கேட்டால் ‘சிகிட் லாகி’, இன்னும் கொஞ்சம்தான். போன் அடித்துக் கேட்டால் ‘சுடா மாவ் சியாப்’, முடியப்போகிறது. கிள்ளான்காரனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் ஜொஹான் செத்தியா வரை எல்ஆர்டி 3 ஓடும், 2020இல் ஏறலாம் என்றார்கள். 2018இல் ஆட்சி மாறியதும் 3,165 கோடி ரிங்கிட் மதிப்பீட்டை 1,663 கோடியாக வெட்டினார்கள், ஐந்து நிலையங்களைத் தூக்கினார்கள். பிறகு அதே ஐந்தையும் திரும்பப் போடுகிறோம் என்றார்கள். 2020 போயிற்று. 2024 போயிற்று. 2025லும் தேதி நகர்ந்தது. இத்தனை காலமும் ரயில்தான் வரவில்லையே தவிர, விழுக்காடு ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. தொண்ணூற்றுச் சொச்சம், புள்ளி வைத்து அதற்குப் பின்னால் இரண்டு இலக்கம். நடைமேடையில் நிற்கிறவன் ஏறிப் போவதற்கு அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு இலக்கத்தில் இருக்கை இருக்கிறதா என்றுதான் யாரும் சொல்லவில்லை.

கூட்டம் போட்டே உருப்படியாக வேலை செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஜூப்பிட்டர் நோட்புக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிரலைக் கட்டம் கட்டமாக எழுதி, ஒவ்வொரு கட்டத்தையும் ஓட்டி, அதற்கு நேர் கீழேயே விடையையும் வரைபடத்தையும் பார்க்கும் மின்னேடு. பல்கலைக்கழக மாணவன் முதல் வங்கியில் வாராக்கடனைக் கணிக்கிறவர் வரை, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தரவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் காலையில் திறப்பது அதைத்தான். பெர்னாண்டோ பெரெஸ் என்ற கொலம்பியாக்காரர் 2001இல், அமெரிக்காவில் இயற்பியல் ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய நேரத்தில், அதைத் தள்ளிப்போட்டுவிட்டு எழுதிய 259 வரி நிரலில் தொடங்கியது. ஐபைத்தான் என்று பெயர். அதற்கு 1.0 என்ற எண்ணைக் கொடுக்க அவர்களுக்கு 2013 ஆனது. பன்னிரண்டு ஆண்டு! ஆய்வுக்கூடங்களெல்லாம் அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தபோதே, இன்னும் சுழியம் புள்ளி ஏதோ ஒன்றுதான் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். நம் ஊர் ஒப்பந்தக்காரராக இருந்தால் முதல் மாதத்திலேயே 1.0 வெட்டி, ரிப்பன் வெட்டி, மக்கள் பிரதிநிதியான ஒய்பி கையால் பலகையும் திறந்திருப்பார். அவர்களோ 2014இல் ஜூப்பிட்டர் என்று புதுப் பெயர் வைத்தபோதுகூட ஒரு வாழைமரம் கட்டவில்லை.

அவர்களும் வாராவாரம் கூடுகிறார்கள், இணையத்தில். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். குறிப்பும் பொதுவில் கிடக்கும். இந்த வாரம் இதைச் சேர்த்தேன், அதனால் இது உடைந்தது, இதற்கு ஓர் ஆள் வேண்டும், இதை நான் செய்வதாக இருந்தது, செய்யவில்லை. அடக்கமாகவா பேசுகிறார்கள் என்று கேட்காதீர்கள், சண்டையும் போட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதைத் தட்டினால் பச்சையில் சேர்த்த வரி, சிவப்பில் நீக்கிய வரி, எழுதியவர் பெயர், ‘இது சரியில்லை’ என்று ஆட்சேபித்தவர் பெயர் எல்லாம் வந்து நிற்கும். எண்பது விழுக்காடு என்று அளக்க அங்கே வசதியே இல்லை. கேட்கிறவன் மேலதிகாரி அல்ல. அந்த மென்பொருளையே நாளைக்கு ஓட்டப்போகிறவன். அவனை ஏமாற்றினால் ஏமாந்தவனே வந்து கதவைத் தட்டுவான்.

நம் அறிக்கைகள் மேல்நோக்கிப் போகின்றன. திறந்து பார்க்கத் தெரியாதவருக்கு, திறந்து பார்க்க நேரமில்லாதவருக்கு, திறந்து பார்க்க விரும்பாதவருக்கு. அவர் அதை இன்னும் மேலே அனுப்புகிறார். வழியில் ஒவ்வொரு மாடியிலும் நிறம் மாறுகிறது: கீழ்த்தளத்தில் சிவப்பு, பத்தாவது மாடியில் மஞ்சள், அமைச்சர் மேசையில் பச்சை.

நோட்புக்குக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் நானும் அறிக்கை எழுதுகிறவன் ஆகிவிடுவேன். கட்டங்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஐந்தாவதை முதலில் ஓட்டலாம், மூன்றாவதை ஓட்டி விடையை வாங்கிக்கொண்டு அந்தக் கட்டத்தையே அழித்துவிடலாம். விடை மட்டும் நினைவில் நிற்கும், வந்த வழி போய்விடும். 2019இல் ஓர் ஆய்வுக் குழு, நிரலைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் கிடந்த இலட்சக்கணக்கான நோட்புக்குகளை எடுத்துத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. பிழையில்லாமல் கடைசிவரை ஓடியவை ஏறக்குறைய 24 விழுக்காடு. முன்பு வந்த அதே விடையைத் தந்தவை 4 விழுக்காடு. உலகத்தின் விஞ்ஞானிகளே இப்படி! ஆனால் அந்த அவமானம் வெளியே தெரிந்ததற்குக் காரணம், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிப் பார்க்கும்படி அது திறந்து கிடந்ததுதான். அந்த நோட்புக்கிலேயே மேலே ஒரு மெனு உண்டு. ‘ரீஸ்டார்ட் அண்ட் ரன் ஆல்’. தட்டினால் நினைவெல்லாம் அழிந்து, முதல் கட்டத்திலிருந்து எல்லாம் வரிசையாக மறுபடி ஓடும். பொய் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் நின்றுவிடும்.

புத்ராஜெயாவை அப்படி ஓட்டிப் பாருங்கள். 1996இல் மல்டிமீடியா பெருவழி என்றார் மகாதீர். காடும் தோட்டமுமாக இருந்த இடத்தில் கணினி யுகம் பிறக்கும் என்றார்கள். பிறந்தது, மறுக்கவில்லை. முதல் கட்டத்தில் யார் இருந்தார்கள்? பெராங் பெசார், கெல்லோவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களில் தலைமுறையாகப் பால் வெட்டிய, குலை வெட்டிய தமிழர்கள் இருந்தார்கள். நிர்வாகத் தலைநகர் வருகிறது, நகருங்கள், நல்ல வீடு தருகிறோம் என்று சொல்லி அவர்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு ஏற்றினார்கள். சுவர் வெடித்தது. தரைவீடு எங்கே என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே சிலர் செத்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் கேட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வந்தவர்கள் வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்றார்கள். பேசிக்கொண்டே இருப்பது ஒரு நிலை என்று எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்? அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், குளிரூட்டிய மண்டபங்களில், இந்த நாட்டின் மின்னியல் முன்னேற்றம் குறித்த விளக்கக்காட்சிகள் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நோட்புக்கில் முதல் கட்டத்தை அழித்துவிட்டார்கள். விடை மட்டும் மினுக்குகிறது.

ஒரே ஒரு முறை இந்த நாடு தன் கணக்கை ஓட்டிப் பார்க்க விட்டது. 2021 ஜூலை. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கட்டில்கள் வாசலுக்கு வெளியே வந்துவிட்ட நாட்கள். சோறில்லாத வீடுகளில் வெள்ளைக்கொடி கட்டச் சொன்ன நாட்கள். அதுவரை கோவிட் கணக்கு தினமும் படமாக வந்தது. வண்ணப் பெட்டிகளுக்குள் எண்கள். கணக்குப் போட நினைத்த இளைஞர்கள் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து விரலால் தட்டச்சு செய்து அட்டவணை கட்டினார்கள். ஒரு நாட்டின் சாவுக் கணக்கைப் படம் பார்த்துக் காப்பி அடிக்க வைத்தோம்! அந்த ஜூலையில்தான் சுகாதார அமைச்சும் தடுப்பூசிப் பணிக்குழுவும் கிட்ஹப்பில் கோப்புகளைத் திறந்து வைத்தன.

சாவுக் கோப்பைத் திறந்தால் பத்திகளின் தலைப்பு காய்ந்துபோய் இருக்கும். ‘டெத்ஸ்_நியூ’, அன்று அறிவித்த மரணம். அதன் பக்கத்தில் ‘பிஐடி’ என்று முடியும் ஒரு பத்தி, மருத்துவமனைக்குப் பிணமாக வந்து சேர்ந்தவர்கள். பிறகு ‘டிஓடி’ என்று முடியும் ஒரு பத்தியும் சேர்ந்தது: அறிவித்த தேதி அல்ல, உண்மையிலேயே உயிர் போன தேதி. நோட்புக்கில் நாலு வரி எழுதினால் இரண்டு கோடு வரைந்துவிடலாம். அறிவிப்பின் கோடு ஒன்று, சாவின் கோடு ஒன்று. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை. செப்டம்பர் 11ஆம் தேதி 592 பேர் என்று அறிவிப்பு வந்தது. அந்த எண்ணுக்குள் முன்பே இறந்து, பதிவுக்காக வரிசையில் காத்திருந்தவர்கள் பலர். செத்த பிறகும் வரிசை. அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் கிடக்கும் இடைவெளிக்குப் பெயர்தான் முன்னேற்ற அறிக்கை. அதை இந்த நாட்டில் எவரும், ஒரு பள்ளிப் பையனும்கூட, வரைந்து பார்க்க முடிந்தது.

கோப்பைத் திறந்தவர்களைக் கும்பிடுகிறேன். புள்ளிவிவரத் துறை இன்று பல தரவுகளைத் திறந்த வடிவில் தருகிறது, அதையும் மறைக்க மாட்டேன். என் கோபம் வேறு. சுடுகாட்டு வாசலுக்கு வந்தால்தான் கணக்குப்புத்தகம் திறக்குமா? தாமான் பெர்மாத்தாவுக்கு ஒரு கோப்பு எங்கே? இந்தியர் உருமாற்றத்துக்கென்று மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கினார்களே, எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு, எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், படித்த பிள்ளை இன்று எங்கே வேலை செய்கிறது என்று வரிசை வரிசையாக ஒரு கோப்பு போட்டிருந்தால், 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் வந்து கதவைத் தட்டும் நிலை வந்திருக்குமா? பிரிக்பீல்ட்ஸ் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை தே தாரேக் ஆறுவதற்குள் ஓட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பான். அதனால்தான் போடவில்லை.

இப்போது பயிற்சி வியாபாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் வயிறு எரிகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவளப் பயிற்சிக்கென்று கட்ட வேண்டும். சட்டம் நல்ல சட்டம். அந்தப் பணம் கரைவதற்கென்றே பெட்டாலிங் ஜெயா ஹோட்டல்களில் ‘மூன்று நாளில் செயற்கை நுண்ணறிவு’ வகுப்புகள் முளைத்திருக்கின்றன. மேசையில் மிட்டாய், கழுத்தில் பெயரட்டை, மத்தியானம் பஃபே. பயிற்றுநர் ஜூப்பிட்டரைத் திறக்கிறார். யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நோட்புக்கின் முதல் கட்டத்தில் எழுதியவரின் பெயர் போய், பயிற்றுநரின் சொந்தக் கம்பெனிச் சின்னம் உட்கார்ந்திருக்கிறது. அந்த நோட்புக்கும் ஜூப்பிட்டரைப் போலவே பிஎஸ்டி உரிமத்தில் வந்தது. எடுத்துக்கொள், மாற்று, விற்று, கோடீஸ்வரனாகு, எங்களுக்குக் காசு தரவேண்டாம், எங்கள் பெயர்க் குறிப்பை மட்டும் அழிக்காதே என்கிற உரிமம். இந்த உலகம் இலவசமாகக் கொடுப்பவற்றின் உரிமங்களில் பெரும்பாலானவற்றிலும் அந்த நிபந்தனை இருக்கிறது. நம்மவர் அந்த ஒன்றைத்தான் மீறுகிறார்.

ஷிஃப்ட்-என்டர். கட்டம் ஓடியது. பாடத்துக்கென்று எல்லாரும் எடுக்கும் தரவு, ஐரிஸ் பூ 150 வந்தது. 1936லிருந்து அதே 150 பூதான், வாடாமல் வந்துகொண்டிருக்கிறது. கைதட்டல். ஷிஃப்ட்-என்டர். அடுத்து வீட்டு விலையைக் கணிக்கும் பாடம், பாஸ்டன் நகரத்து 506 வரிகள். திரை முழுக்கச் சிவப்பு. சைகிட்-லேர்ன் என்ற நிரலகத்திலிருந்து அந்தத் தரவைத் தூக்கிவிட்டார்கள். 2021இலேயே எச்சரித்து, 2022 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில் நீக்கினார்கள். ஏன் நீக்கினோம் என்று அந்தப் பிழைச் செய்திக்குள்ளேயே எழுதியும் வைத்தார்கள்: இந்தத் தரவில் ‘பி’ என்று ஒரு பத்தி இருக்கிறது, கறுப்பின மக்களின் விகிதத்தை வைத்துச் செய்தது, இனம் பிரிந்து வாழ்ந்தால் வீட்டு விலைக்கு நல்லது என்ற ஊகத்தை உள்ளே புதைத்துக் கட்டியது, இது அறத்துக்குப் புறம்பு, வேறு தரவை எடுத்துக்கொள்ளுங்கள், எப்படி எடுப்பது என்பதற்கு நிரலும் இதோ.

நான் படித்த நிலை அறிக்கைகளிலேயே நேர்மையானது அந்தச் சிவப்பு எழுத்துதான். என்ன செய்தோம், ஏன் செய்தோம், நீ இனி என்ன செய்யலாம். யாரோ முன்பின் தெரியாதவர்கள், வாடகைக்கு வீடு தேடிப் போய் ‘இந்தியருக்கு இல்லை’ என்று கேட்டுத் திரும்பிய நம்மவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு ஹோட்டல் அறைக்குள், இனத்தை வைத்து வீட்டுக்கு விலை போடாதே என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதைவிடச் சிறந்த பாடம் அந்த மூன்று நாளில் வேறு இல்லை. பயிற்றுநர் என்ன செய்தார் தெரியுமா? “அந்தச் சிவப்பைக் கண்டுக்காதீங்க, பழைய வெர்ஷன் போட்டா சரியாயிடும்.” போட்டார். சரியாகிவிட்டது. ஷிஃப்ட்-என்டர். மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாருக்கும் சான்றிதழ், கூட்டாகக் கட்டைவிரல் தூக்கிய படம். ‘பங்கேற்ற அனைவரும் செயற்கை நுண்ணறிவுத் திறன் பெற்றனர்’ என்று அறிக்கை மேலே போனது. அது மேலே எங்கேயோ இன்னொரு பச்சைப் புள்ளியாக விழுந்திருக்கும்.

இந்த விலையில்லா மென்பொருள்களை எழுதிக்கொடுப்பவர்களுக்கு வெளிநாட்டில் மட்டும் மாலை விழுகிறதா என்றால், அதுவும் இல்லை. 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படத்தை உலகம் வாய்பிளந்து பார்த்தது. அந்தப் படத்துக்குப் பின்னால் மேட்பிளாட்லிப், நம்பை, சைபை என்று விலையில்லா நிரலகங்கள் வரிசைகட்டி நின்றன. மேட்பிளாட்லிப்பை எழுதிய ஜான் ஹண்டர் 2012இலேயே புற்றுநோயில் போய்ச்சேர்ந்துவிட்டார். படம் வந்த சில நாளில், சைபைக்கு நிதி கேட்ட விண்ணப்பத்தை, அதன் தாக்கம் போதாது என்று அமெரிக்க அறிவியல் நிறுவனம் திருப்பி அனுப்பியது. நட்சத்திர மண்டலத்துக்கு அப்பால் உள்ளதைக் காட்டியும் தாக்கம் போதவில்லை! அந்த விண்ணப்பத்தில் பயனாளிகள் புன்னகைக்கும் படம் இல்லாமல் போயிருக்கும்.

தமிழுக்கு வருவோம். இந்த மண் மலட்டு மண் இல்லை. முத்து நெடுமாறன் இங்கிருந்துதான் 1985இல் முரசு தொடங்கினார். இன்று ஆப்பிள் கருவிகளில் நீங்கள் பார்க்கும் தமிழ் எழுத்துருக்களில் அவர் கை இருக்கிறது. தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூர் 2001இலும் 2013இலும் நடத்தியது. அந்த மாநாடுகளில் உட்கார்ந்து குறியீட்டுச் சண்டை போட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்களை விட்டுவிடுகிறேன். அவர்களைச் சுற்றி வந்து ஒட்டிக்கொண்ட குத்துவிளக்குக் கூட்டத்தைத்தான் விட மனமில்லை. பொன்னாடை ஒன்றரை மணி நேரம். டத்தோவுக்கு, டத்தோஸ்ரீக்கு, இன்னும் பட்டம் வராத ஆனால் வரப்போகிற ஒருவருக்கு. கட்டுரை வாசிக்க வந்தவருக்கு ஏழு நிமிடம், அதில் நாலாவது நிமிடத்தில் மணி. கடைசியில் தீர்மானம்: கணினித் தமிழ் வளர்க்கப்பட வேண்டும். யார் வளர்க்க வேண்டும்? அந்த வாக்கியத்தில் செய்பவரே கிடையாது. செயப்பாட்டு வினையில் செய்பவரைச் சொல்லாமலே வாக்கியம் அமையும் என்பது இலக்கணம் நமக்குத் தந்த வசதி, அதைத் தீர்மானக்குழுக்கள் போல வேறு எவரும் அனுபவித்ததில்லை.

அதே நேரத்தில் காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவினர் ஞாயிறுதோறும் இணையத்தில் கூடி, இந்த வாரம் என்ன கற்றாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். கணியம் 2012லிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுத எழில் என்று ஒரு மொழியும், தமிழ் எழுத்துகளைக் கணினி ஒழுங்காக எண்ண ஓப்பன்-தமிழ் என்று ஒரு பைத்தான் நிரலகமும் வந்தன. ‘கொ’ என்பது ஓர் எழுத்தா, இரண்டா, மூன்றா என்று கணினி தடுமாறும் இடத்தில் போய் நின்று, பொறுமையாக அதற்குப் பாடம் நடத்துகிற வேலை. சோறு போடாத வேலை. செய்தவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இராத்திரியில் செய்தார்கள். இவற்றில் எதையாவது நம் மாநாட்டுத் தலைவர்களில் ஒருவர் ஒரு முறை இறக்கி ஓட்டிப் பார்த்திருப்பாரா? பாராட்டிப் பேசியிருப்பார். பாராட்டுவதற்கு ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

கிள்ளானில் இப்படி ஒரு பையன் உண்டு. தென்னமர வீதி என்று நம்மவர்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் வீடு. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்காக, பிள்ளைகளின் சொல்லெழுத்துப் பிழைகளை வகை பிரித்துக் காட்டும் நோட்புக் ஒன்றை எழுதி, மூலநிரலோடு பொதுவில் வைத்தான். நாலு பள்ளியில் பயன்படுத்தினார்கள். ஓர் ஆசிரியை, ‘தம்பி, றகரம் ரகரத்துல தப்பா எண்ணுது’ என்று எழுதினார், அன்று இரவே திருத்தினான். அவ்வளவு விஷயமும் அங்கேயே பதிவாகி இருக்கிறது. அது எப்படியோ ஒரு சங்கத் தலைவர் காதுக்கு எட்டியது. மானியத்துக்குக் காட்டலாமே என்று கூப்பிட்டார்.

“ரொம்ப நல்ல வேலை தம்பி. ஒரு முன்னேற்ற அறிக்கை மட்டும் குடு.”

“எல்லாம் லிங்க்லயே இருக்கு ஐயா. எந்தத் தேதியில என்ன மாத்தினேன், யார் தப்புச் சொன்னாங்க, இன்னும் எது சரியாகல, எல்லாம் இருக்கு. திறந்து பாருங்க.”

“லிங்க் எல்லாம் யாரு தம்பி திறக்கிறது. பவர்பாயிண்ட்டா குடு. பத்து சிலைட் போதும். எத்தன பேர் பயன்பெற்றாங்க, அதுல பி40 எத்தன பேர்னு ஒரு நம்பர் போடு.”

“வருமானம் குறைஞ்ச பி40 யாருன்னு நான் கேட்கலையே ஐயா. டீச்சருங்கதான் பயன்படுத்துறாங்க.”

“ஒரு நம்பர் போடு தம்பி. அந்த ‘இன்னும் சரியாகல’ங்கிற பக்கத்த எடுத்துரு, பார்க்கிறவங்க தப்பா நினைப்பாங்க. அப்புறம் ரெண்டு படம் வேணும். பிள்ளைங்க கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கணும், ஒய்பி பின்னால நிக்கணும்.”

“ஒய்பி வந்ததே இல்லையே ஐயா.”

“அடுத்த வாரம் வர்றாரு. அன்னிக்கு மட்டும் கம்ப்யூட்டர் ஓடுனா போதும்.”